சோக்கி தானியில் ஒரு மாலை: ஜெய்ப்பூர் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜெய்ப்பூர் போய் வந்த யாரிடம் கேட்டாலும் ஆமேர் கோட்டை, ஹவா மஹால் என்று சொல்லி முடித்த கையோடு இன்னொரு பெயரும் வரும்: சோக்கி தானி. "ராத்திரி சாப்பாட்டுக்கு அங்கே போயிடுங்க" என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சாப்பாட்டுக் கடை என்று மட்டும் நினைத்துப் போகிறவர்கள் பாதி மாலையை இழந்துவிட்டு வருகிறார்கள். நாங்களும் முதல் முறை அப்படித்தான் போனோம். கோட்டைகளைச் சுற்றிய களைப்போடு இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து, நேரே சாப்பாட்டு வரிசையில் நின்றோம். சாப்பிட்டு எழும்போது ஒன்பதரை. வயிற்றில் இருந்த நெய்க்கு நடக்கவே முடியவில்லை. பொம்மலாட்டக்காரர் பொம்மைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என் மகள் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஜனவரியில் மறுபடி போனோம். இந்த முறை மாலை ஐந்தரைக்கே உள்ளே இருந்தோம். அதே இடம், அதே சாப்பாடு, ஆனால் மாலை முற்றிலும் வேறாக இருந்தது. முதலில் பாருங்கள், அப்புறம் சாப்பிடுங்கள் என்பதுதான் அன்று நாங்கள் கற்றுக்கொண்டது. அதை எப்படித் திட்டமிடுவது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில், இது என்ன இடம்?

ராஜஸ்தானி மொழியில் 'சோக்கி' என்றால் நல்ல, அருமையான. 'தானி' என்பது கிராமத்தைவிடச் சிறியது. வயல்காட்டு நடுவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து இருக்குமே, நாம் குக்கிராமம் என்போமே, அது. ஜெய்ப்பூருக்குத் தெற்கே டோங்க் சாலையில், நகர மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், 1989இல் தொடங்கப்பட்டது. மண் பூசிய சுவர், கயிற்றுக் கட்டில், லாந்தர் வெளிச்சம், மணல் தரை என்று ஒரு ராஜஸ்தான் கிராமத்தையே எழுப்பி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஆங்காங்கே சிறு மேடைகள். நுழைவுச்சீட்டு வாங்கினால் இரவுச் சாப்பாடும் அதிலேயே அடக்கம்.

சுவர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். செம்மண் பூச்சின்மேல் வெள்ளையில் வரைந்திருக்கும் கோலங்களுக்கு 'மாண்டணா' என்று பெயர். ராஜஸ்தான் பெண்கள் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுத் தரையிலும் சுவரிலும் போடுவது. என் அம்மா அதன் முன்னால் பத்து நிமிடம் நின்று, எந்த இழை எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலால் காற்றில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது கட்டி எழுப்பிய கிராமம்தான், உண்மைக் கிராமம் இல்லை. சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவர் புதிதாக இருக்கலாம். ஆனால் இங்கே ஆடப்படும், பாடப்படும் கலைகள் ஒவ்வொன்றும் ராஜஸ்தானில் ஏதோ ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்தது. அதைக் கைதொடும் தூரத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரே இடத்தில் இவ்வளவு வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

ஜெய்ப்பூர் வரை போக முடியாதவர்களுக்கு: இதே பெயரில் சென்னைக்கு அருகிலும் ஓர் இடம் உண்டு, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் தண்டலத்தில். கீழே சொல்லும் முறை பெரும்பாலும் அங்கேயும் பொருந்தும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். எல்லாமே திறந்தவெளியில் நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மே, ஜூனில் ஜெய்ப்பூர் பகலில் 40 டிகிரிக்கு மேல் காய்ந்துவிட்டு இரவிலும் அனல் விடும். சிறு குழந்தைகளோடு அப்போது போக வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் நேர் எதிர். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகும். ஏழு மணி வரை ஒன்றும் தெரியாது, அப்புறம் மணலிலிருந்து குளிர் ஏறும். நம் ஊர் 'குளிர்காலம்' பழகியவர்கள் ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு வந்து நடுங்குவதை நிறையப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு கம்பளிச் சால்வை, காதை மூட ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும்.

வாரநாளாக இருந்தால் நல்லது. சனி, ஞாயிறில் வெளியூர்க்காரர்களோடு ஜெய்ப்பூர்க் குடும்பங்களும் சேர்ந்து வந்துவிடுவார்கள். தீபாவளி, ஆண்டு இறுதி விடுமுறைகளில் நுழைவதற்கே வரிசை நீளும். செவ்வாய், புதன் என்றால் மேடை முன்னால் தாராளமாக உட்காரலாம்.

சீட்டு வாங்கும்போது முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்

நுழைவுச்சீட்டில் சில வகைகள் உண்டு. உள்ளே பார்க்கும் நிகழ்ச்சிகள் எல்லோருக்கும் ஒன்றுதான், நீங்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். விலை குறைந்த சீட்டில் தரையில் சம்மணமிட்டு, முன்னால் தாழ்வான பலகையில் இலை போட்டுச் சாப்பிடுவது. விலை கூடிய சீட்டில் மேசை, நாற்காலி, உலோகத் தட்டு.

என் கருத்தைக் கேட்டால் தரைப் பந்திதான். அங்கே பரிமாறுகிற வேகமும் உபசாரமும் மேசையில் கிடைக்காது. ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் யோசிக்க வேண்டாம், மேசைச் சீட்டு எடுங்கள். முதல் முறை என் அம்மா, "எனக்கென்ன, கல்யாணப் பந்தியில உட்காராத காலா?" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. மறுமுறை மேசையில் உட்கார்ந்து நிதானமாக, நிறைவாகச் சாப்பிட்டார்.

விலை அவ்வப்போது மாறுவதால், போகும் வாரம் அவர்களுடைய இணையதளத்திலேயே பார்த்து வாங்கிவிடுங்கள். குழந்தைகளுக்குச் சலுகைச் சீட்டு உண்டு. ஒட்டகச் சவாரி, தலை மசாஜ், கடைகளில் வாங்குவது போன்றவை சீட்டில் சேராது. அதற்கென்று ஆளுக்கு இவ்வளவு என்று முன்பே ஒதுக்கிவிட்டால் உள்ளே பேரம் பேசி நேரம் போகாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் கையில் இருக்கட்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

போவதும் வருவதும்

போவதற்கு டாக்சி செயலியில் வண்டி எளிதாகக் கிடைக்கும். பிரச்சினை திரும்பும்போதுதான். இரவு பத்து மணிக்கு ஒரே நேரத்தில் எல்லோரும் வெளியே வருவார்கள், ஊருக்கு வெளியே இருக்கும் இடம், வண்டிகள் குறைவு. ஒரு முறை ஒப்புக்கொண்ட ஓட்டுநர் இரண்டு தடவை ரத்து செய்ததில் முக்கால் மணி நேரம் குளிரில் நின்றோம். அதனால் காத்திருப்புக் கட்டணத்தோடு சேர்த்துப் போகவர ஒரே வண்டியாகப் பேசிக்கொள்ளுங்கள். பகலில் ஊர் சுற்றிக் காட்டுகிற டிரைவரிடமே இரவு பத்தரை வரை என்று காலையிலேயே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

விமான நிலையம் இருக்கும் சாங்கானேரைத் தாண்டி, சீதாபுரா தொழிற்பேட்டையையும் தாண்டிப் போக வேண்டும். சாயங்காலம் அந்தச் சாலையில் நெரிசல் அதிகம். பழைய ஜெய்ப்பூரிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்து, நாலரைக்குக் கிளம்புங்கள். இதற்காக அன்றைய பகல் திட்டத்தைச் சுருக்கத்தான் வேண்டும். காலையில் ஆமேர், மதியம் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். மதியச் சாப்பாடு லேசாக இருக்கட்டும். கச்சோரியும் லஸ்ஸியும் அடுத்த நாளைக்கு.

செருப்பு சுலபமாகக் கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும். மணலில் நடக்க வேண்டும், பந்தியில் கழற்ற வேண்டும். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் அரை மணி நேரம்

வாசலில் நெற்றியில் திலகமிட்டு "ராம் ராம் சா" என்று வரவேற்பார்கள். அந்த 'சா' நம் 'ங்க' மாதிரி, மரியாதை விகுதி. திருப்பி "ராம் ராம் சா" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

நுழைந்த உடனே எதிலும் உட்கார்ந்துவிடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஒரு முழுச் சுற்று நடந்து வாருங்கள். பொம்மலாட்டம் எங்கே, பெரிய நடன மேடை எங்கே, சாப்பாட்டுக்கூடம் எந்தப் பக்கம், கழிப்பறை எங்கே என்று தெரிந்துகொள்வதற்காக. இருட்டிய பின் லாந்தர் வெளிச்சத்தில் எல்லாச் சந்தும் ஒன்று போலத் தெரியும். குழந்தைகளிடம் "தொலைந்தால் இங்கே வந்து நில்" என்று ஓரிடத்தைக் காட்டிவிடுங்கள்.

இந்தச் சுற்றில் ஜிலேபி, சாட் கடைகள் கண்ணில் படும். ஒரு ஜிலேபியைக் குடும்பமே பிய்த்துத் தின்றால் தவறில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏழரைக்குப் பசி வேண்டும்.

ஆறு முதல் ஏழரை வரை: மேடைகள்

அன்று யார் யார் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிகழ்ச்சிகள் மாறும். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒவ்வொரு மேடையிலும் இரண்டு நிமிடம் நின்று, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்கிறவர்கள்தான் அங்கே அதிகம். மூன்று மேடைகளைத் தேர்ந்தெடுத்து, ஆட்டம் தொடங்கும் முன்பே முன் வரிசையில் உட்கார்ந்து, முடியும்வரை எழுந்திருக்காமல் இருங்கள். நான் தேர்ந்தெடுப்பது கட்புத்லி, கால்பேலியா, தேரா தாலி. இவை அன்று இருந்தால் விட வேண்டாம்.

கட்புத்லி என்பது மரப்பாவைக் கூத்து. நாகௌர் பக்கத்து பாட் சமூகத்தினரின் கலை. மாமரத்தில் செதுக்கிய தலை, பெரிய கண்கள், நீண்ட பாவாடை. பாவாடைக்குள் கால் கிடையாது, ஆனாலும் அது நடப்பதாகவும் குதிப்பதாகவும் நம் கண் நம்பிவிடும். கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டம் பார்த்தவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கலாம். நம் பொம்மைகள் கனமானவை, ஆட்டுவிப்பவர் தலையில் மாட்டிய இரும்பு வளையத்திலிருந்தும் கயிறுகள் இறங்கும், கைகளைக் கம்பிகள் அசைக்கும். கட்புத்லி லேசானது. பெரும்பாலும் தலையிலிருந்து ஆட்டக்காரரின் விரல் வழியாக இடுப்புக்குப் போகும் ஒரு கயிறுதான் எல்லா வேலையையும் செய்யும். இடையிடையே 'கீச்' என்று ஒரு குரல் கேட்கும். அதுதான் பொம்மையின் குரல். ஆட்டக்காரர் வாய்க்குள் வைத்திருக்கும் சிறு ஊதியின் ஒலி, அதற்கு 'போலி' என்று பெயர்.

அடிக்கடி ஆடும் கதை அமர் சிங் ராத்தோர். நாகௌரின் வீரர், ஷாஜஹானின் அவையில் 1644இல் சலாபத் கானைக் கொன்று, தானும் கொல்லப்பட்டவர். கதையை வண்டியிலேயே குழந்தைகளுக்குச் சொல்லிவிடுங்கள். இந்தி புரியாவிட்டாலும் யார் யாரை வெட்டுகிறார்கள் என்று தெரிந்து பார்ப்பார்கள். முன் வரிசையில் தரையில் உட்கார வையுங்கள், திரைக்கு மேலே இருக்கும் கை தெரியாது, பொம்மை மட்டும் தெரியும்.

கால்பேலியா ஆட்டத்தை அடையாளம் காண்பது எளிது. கறுப்புப் பாவாடை, அதில் வெள்ளியாகவும் பல வண்ணமாகவும் மினுங்கும் வேலைப்பாடு, பின்னணியில் மகுடி. ஆம், நம் பாம்பாட்டி மகுடியேதான். கால்பேலியர்கள் பாம்பு பிடித்துக் காட்டிப் பிழைத்தவர்கள். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் நின்றது. பாம்பு போனது, ஆனால் பாம்பின் அசைவு பெண்களின் உடலில் நடனமாகத் தங்கிவிட்டது. 2010இல் யுனெஸ்கோவின் மரபுக் கலைகள் பட்டியலில் இது சேர்ந்தது. இதை உலக மேடைகளுக்குக் கொண்டுபோன குலாபோ சபேரா 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆட்டக்காரர் பின்னால் வளைந்து, தரையில் வைத்த ரூபாய் நோட்டையோ மோதிரத்தையோ இமையாலோ வாயாலோ எடுக்கும் கட்டம் ஒன்று வரும். கூட்டம் அதற்குத்தான் கைதட்டும். நான் பார்க்கச் சொல்வது அதற்கு முந்தைய சுழற்சியை. மகுடியின் வேகம் கூடக்கூடப் பாவாடை விரிந்து வட்டமாகி, சட்டென்று நிற்கும்போது மணலில் அவர் நின்ற இடம் மாறியிருக்காது.

தேரா தாலிக்குக் கூட்டம் குறைவு, அதனாலேயே நிதானமாகப் பார்க்கலாம். 'தேரா' என்றால் பதின்மூன்று. காமட் சமூகப் பெண்கள் பாபா ராம்தேவ் என்ற நாட்டுப்புறத் தெய்வத்துக்காக ஆடுவது. உட்கார்ந்தபடியே ஆட்டம். வலது காலில் ஒன்பது சிறு தாளங்கள், முழங்கைகளில் இரண்டு, கையில் கயிற்றோடு இரண்டு. கையில் இருப்பதைச் சுழற்றி மற்ற ஒவ்வொன்றையும் தட்டுவார்கள், தலையில் குடம் இருக்கும். தாளம் தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள். நட்டுவாங்கம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சத்தம் உடனே பிடிபடும்.

தலையில் ஏழெட்டுக் குடங்களை அடுக்கிக் கண்ணாடித் தம்ளர்மேல் நிற்கும் பவாய், பெண்கள் வட்டமாகச் சுழலும் கூமர் ஆகியவை பெரிய மேடையில் வரும். அவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்க்கலாம்.

ஒரு மூலையில் தனியாக ஒருவர் ராவணஹத்தா வாசித்துக்கொண்டிருந்தால் அங்கே நில்லுங்கள். கொட்டாங்குச்சியில் தோல் போர்த்தி, மூங்கில் தண்டு பொருத்தி, சலங்கை கட்டிய வில்லால் வாசிப்பது. இலங்கை ராவணன் உருவாக்கியதாகக் கதை சொல்வார்கள். பாபுஜி என்ற வீரனின் கதையைத் துணி ஓவியத்தில் காட்டிக்கொண்டே இரவெல்லாம் பாடும் போபாக்களின் வாத்தியம் இது. இன்னொருவர் கையில் 'மோர்ச்சங்' இருக்கலாம். பார்த்தவுடனே தெரியும், நம் கச்சேரியில் வரும் மோர்சிங்தான்.

நான் சொன்ன சில்லறை நோட்டுகள் இவர்களுக்காக. பெரிய மேடைக்குக் கைதட்டல் கிடைத்துவிடும். தனியாக வாசிப்பவர் முன்னால் யாரும் அதிகம் நிற்பதில்லை. பாட்டு முடிந்த பின், இரண்டு கையாலும் கொடுங்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏழரை மணி: பந்தி

எட்டு மணிக்குமேல் வரிசை நீளும் என்பதால் ஏழரைக்கு வந்துவிடுங்கள். முழுச் சைவம், அதனால் அந்தக் கவலை இல்லை.

தரைப் பந்தியில் தைத்த இலையும் தொன்னைகளும் வரும். அவர்கள் 'பத்தல்', 'தோனா' என்பார்கள். நம் ஊரில் கோயில் பிரசாதம் வாங்கும் அதே தொன்னை. பிறகு ஒருவர் பின் ஒருவராக வாளியோடு வருவார்கள். கவனம், இங்கேதான் முறை தெரிய வேண்டும். 'மனுஹார்' என்று ஓர் ஊர்வழக்கம் உண்டு. விருந்தாளி போதும் என்றாலும் விடாமல் அன்போடு மேலும் மேலும் வைப்பது. கல்யாண வீட்டில் நம் அத்தைமார் செய்வதுதான். வாயால் மறுத்தால் வெட்கப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். இலைக்கு மேலே இரண்டு கையையும் விரித்து மூடி, "பஸ் சா" என்று சொல்லுங்கள். கொஞ்சம் மட்டும் வேண்டுமானால் "தோடா". நெய் குறைவாக வேண்டுமானால் "கீ கம்". இந்த மூன்று சொல் போதும்.

முதல் சுற்றில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி மட்டும் வாங்குங்கள். பிடித்ததை மறுபடி கேட்கலாம், எத்தனை முறை கேட்டாலும் வைப்பார்கள்.

கம்பு ரொட்டியில் ஆரம்பியுங்கள். சூடாக, நெய்யோ வெண்ணெயோ தடவி, மேலே வெல்லம். பூண்டுத் துவையல் சிவப்பாக ஒரு ஓரத்தில் இருக்கும், காரம் அதிகம், ஆனால் கம்போடு அவ்வளவு பொருத்தம். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த என் அம்மா இரண்டாவது ரொட்டி கேட்டு வாங்கியது இது ஒன்றுக்குத்தான்.

அடுத்து கேர் சாங்ரி. பார்க்கக் காய்ந்த குச்சி வதக்கல் போலிருக்கும், அதனால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒதுக்காதீர்கள். சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி என்பது நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்பதும், விஜயதசமியன்று அம்பு போடுவதும் இந்த மரத்தோடுதான். நாம் சுற்றிவந்து கும்பிடும் மரத்தின் காயை அவர்கள் உணவாக்கியிருக்கிறார்கள். மழை பொய்க்கும் மண்ணில் பச்சைக்காய்க்கு வழியில்லாத மாதங்களில் காயவைத்துச் சேமித்த இதுதான் உயிர் காத்தது. கேர் என்பது ஒரு முட்செடியின் சிறு காய், கசப்புப் போக ஊறவைத்துச் சமைப்பார்கள். ஜோத்பூர் பக்கம் கேஜர்லி கிராமத்தில் 1730இல் இந்த மரங்களை வெட்ட வந்தபோது மரத்தைக் கட்டிக்கொண்டு 363 பிஷ்னோய் மக்கள் உயிர் விட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு வாயில் வைத்தால் அந்தப் புளிப்பும் காரமும் வேறு மாதிரி இறங்கும்.

கட்டா என்பது கடலைமாவு உருண்டைகளை வேகவைத்துத் தயிர்க் குழம்பில் போட்டது. கடி என்பது நம் மோர்க்குழம்பின் உறவு. ஏன் எதைத் தொட்டாலும் தயிரும் மோரும் கடலைமாவுமாக இருக்கிறது என்றால், தண்ணீர் அரிதான நிலம் அது. ஆடும் மாடும் இருந்தன, தண்ணீருக்குப் பதில் மோரில் சமைத்தார்கள்.

தால் பாட்டி சூர்மா கடைசியில். பாட்டி என்பது கோதுமை மாவு உருண்டையை வறட்டித் தணலில் சுட்டது. முழுதாகக் கடிக்கக் கூடாது, பல் வலிக்கும். கையால் நொறுக்கி, நெய் ஊற்ற விட்டு, மேலே ஐந்து பருப்பு சேர்ந்த தாலை ஊற்றி, பருப்புச் சாதம் பிசைவது போலப் பிசையுங்கள். சூர்மா என்பது கோதுமையை நெய்யும் சர்க்கரையும் சேர்த்துப் பொடித்த இனிப்பு. அதைக் கடைசிக்கு வைக்காமல், இரண்டு கவளம் தாலுக்கு ஒரு வாய் சூர்மா என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் அவர்கள் வழக்கம். ஒரு பாட்டி போதும், வயிற்றில் ஊறி இரண்டாகும்.

சாதம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்குக் கிச்சடி இருக்கும். நெய்யும் பருப்பும் சேர்ந்து பொங்கலுக்கு அருகில் வரும். குழந்தைகளுக்கு அதுவும் மோரும் பாதுகாப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மால்புவா, ஜிலேபி, சூர்மா மூன்றில் எதை ஒரு வாய் எடுப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், பரிமாறுகிறவர் முன்னால் முடிவெடுப்பது கடினம். குடிக்கப் பாட்டில் தண்ணீர் வாங்கிவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு

எட்டே முக்கால் ஆகியிருக்கும். மெதுவாக நடந்து பெரிய மேடைக்குப் போய், கயிற்றுக் கட்டில் கிடைத்தால் சாய்ந்துகொண்டு பவாய் பாருங்கள். அந்த நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஒட்டகச் சவாரியைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்கள் முதலில் நிமிரும், நீங்கள் முன்னால் சரிவீர்கள். அதனால் எழும்போதும் உட்காரும்போதும் பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தையை முன்னால் உட்கார வைத்து அணைத்துக்கொள்ளலாம். ஒரு சுற்று சில நிமிடங்களே, அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். தலை மசாஜ் நன்றாக இருக்கும், தொகையை உட்காரும் முன் கேட்டுவிடுங்கள். ஜோசியமும் மாயாஜாலமும் இந்தி தெரிந்தால்தான் ரசிக்கும்.

கடைகளில் அரக்கு வளையல், துணிப் பொம்மை, முடிச்சுச் சாயத் துணிகள் இருக்கும். இந்த பாந்தினிக்கும் மதுரைச் சுங்குடிக்கும் கைவேலை ஒன்றுதான், முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது. சேலை வாங்குவதானால் ஜெய்ப்பூர் பாபு பஜாரில் இன்னும் நிறையத் தேர்வு உண்டு. ஆனால் ஒரு கட்புத்லி ஜோடி மட்டும் இங்கேயே வாங்கினோம், ஆட்டம் பார்த்த சூட்டிலேயே. கயிறு சிக்காமல் இருக்கப் பொம்மையைச் சுற்றி, பாவாடைக்குள் மடித்து, செய்தித்தாளில் உருட்டிக் கட்டச் சொல்லுங்கள். பெட்டியில் துணிக்கு நடுவே வைத்தால் மூக்கு உடையாது.

ஒன்பதரைக்கு டிரைவருக்கு ஒரு போன் போட்டு எங்கே நிற்கிறார் என்று கேட்டுவிடுங்கள். பத்து மணிக் கூட்டத்துக்குக் கால் மணி முன்னால் கிளம்பினால் வண்டி நிறுத்துமிடத்தில் சிக்க மாட்டீர்கள். சாலையும் அதற்குள் காலியாகியிருக்கும், வந்த நேரத்தில் பாதியில் அறைக்குத் திரும்பிவிடலாம்.